‘ம்’ சொல்லக் கூடாது என்றார்கள்

1

பெங்களூருக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. நான் வேறு ஊரிலிருந்து வந்தவள் என்பதற்குச் சான்றிதழ் கொண்டுவா என்று போன வருடம்தான் கேட்டார்கள்.

மைக்ரேஷன் சர்டிபிகேட் என்று அதற்குப் பெயர். ஒரு மாநிலத்தில் பட்டம் வாங்கியவர் இன்னொரு மாநிலத்தில் படிக்கப் போனால், ‘இவர் எங்களை விட்டுப் போகிறார், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று பழைய பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டுமாம். ஆம்பூரில் இருந்தபோது தபால் வழியில் பி.ஏ. முடித்தேன். கல்யாணத்துக்கு முந்தைய கதை. இங்கே சேரப் போன கல்லூரியின் கவுண்டரில் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். எல்லாவற்றிலும் பெங்களூர் ஆஸ்டின் டவுன் விலாசம். கவுண்டரில் இருந்த பெண் எதையும் தொடவில்லை. இதெல்லாம் நீங்கள் இங்கே இருப்பதற்குச் சான்று, அங்கிருந்து வந்ததற்குச் சான்று வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள்.

அந்தக் காகிதத்துக்காக மூன்று முறை தமிழ்நாட்டுக்குப் போய் வந்தேன். முதல் முறை போனபோது சம்பந்தப்பட்டவர் லீவு. இரண்டாம் முறை படிவம் மாறிவிட்டது. மூன்றாம் முறை கையெழுத்துப் போட்ட குமாஸ்தா, “இந்த வயசுல என்னம்மா படிக்கப் போறீங்க?” என்று கேட்டார். ரேடியோ பத்திரிகையாளர் படிப்பு என்றேன். அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். என் சொந்த ஊர்க்காரர்கள் சிரித்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் அவரும் இருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

நாற்பத்தாறு வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்டால், எனக்கு வேறு வழி இல்லை. பத்தொன்பது வருடம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். எண்பது மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் கத்தத் தெரிந்ததால்தான் எனக்கு அந்த வேலை. ஒருநாள் கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என் வயசுக்காரிகளை மற்ற கம்பெனிகள் ஹெல்பராகத்தான் எடுக்கும். நூல் பிசிறு வெட்டுகிற வேலை. அல்சூரில் ஒரு தமிழ்ச் சங்க நூலகத்தின் பலகையில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஒரு கல்லூரியில் மாலை நேர டிப்ளமோ, ஒரு வருடம், வயது வரம்பு இல்லை. கல்லூரி வளாகத்திலேயே ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. படித்து முடிப்பவர்களில் ஒருவருக்கு அதில் வாரம் மூன்று நாள் வேலை. புதன்கிழமை தமிழ் அரைமணி நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். பத்தொன்பது வருடம் அடுத்தவர் எழுதிக் கொடுத்த டார்கெட்டைக் கத்திவிட்டேன். ஒரு மனுஷியாக நாலு பேரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது.

2

வகுப்பில் எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. என்னை ஆன்ட்டி என்றார்கள். நடத்துகிறவர் நிதின். முப்பது வயது, மைசூர்ப் பக்கத்துக்காரர், எஃப்.எம்.மில் வேலை பார்த்தவர், நல்ல பிள்ளை. முதல் நாள் நான் மைக்கில் பேரைச் சொன்னதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். “மேடம், மைக் உங்க பக்கத்துலதான் இருக்கு” என்றார்.

என் கன்னடம் நல்ல கன்னடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது லைனில் கற்ற கன்னடம். சீக்கிரம் செய், அதை எடு, இங்கே வா, பேசாதே. எல்லாம் ஏவல்தான். கல்லூரிக் காவலாளியைப் பேட்டி எடுக்கப் போனேன். மூன்றாவது கேள்வியில் அவர் எழுந்து நின்று கை கட்டிக்கொண்டார். வேலையை விட்டுத் தூக்கத்தான் விசாரிக்கிறேன் என்று பயந்துவிட்டாராம். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு கன்னடக்காரரிடம் ‘உங்களுக்கு எப்படி இருந்தது’ என்று நான் கேட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாம் மாதத்தில் சட்டம் நடத்தினார்கள். இந்த நாட்டில் தனியார் எஃப்.எம்.மோ சமுதாய வானொலியோ சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாதாம். அரசு வானொலியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே போடலாம். நான் கை தூக்கினேன். அப்படியென்றால் இந்தப் படிப்புக்கு ஏன் பத்திரிகையாளர் படிப்பு என்று பேர் வைத்தீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நிதின் சிரிக்கவில்லை. போக்குவரத்து, மின்வெட்டு, தண்ணீர் வரும் நேரம் இதெல்லாம் சொல்லலாம் மேடம் என்றார். தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கலாமா என்றேன்.

“அதுதான் நியூஸ் ஆயிடும்” என்றார்.

3

என் முதல் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஆட்டோக்காரரிடம் எடுத்தது. அவர் நன்றாகத்தான் பேசியிருந்தார். ஆனால் அவர் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் முடிக்காதபோதும் “ம்” என்று ஒரு சத்தம். மைக் என் கையில் இருந்ததால் அவர் குரலைவிட என் ‘ம்’ பெரிதாக விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு பசுமாடு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று நிதின் மெதுவாகச் சொன்னார். வகுப்பே சிரித்து உருண்டது.

ரேடியோவில் கேட்கிறவள் சத்தம் போடக் கூடாது. தலையை ஆட்ட வேண்டும், கண்ணால் சிரிக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. சத்தம் மேலே விழுந்தால் வெட்ட முடியாது. இது முதல் பாடம். எனக்கு இது வரவே இல்லை. வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு போனேன். மிட்டாயோடு ‘ம்’ சொன்னேன்.

ஊரில் யாராவது பேசும்போது ‘ம்’ சொல்லாமல் கேட்டிருக்கிறீர்களா? அப்படிக் கேட்டால் கோபம் என்று அர்த்தம், இல்லை தூங்கிவிட்டாய் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பழக்கம் இரண்டு பங்காக ஆனது போனில்தான். பெங்களூருக்கு வந்த புதிதில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் பேசுவேன். அம்மா பேசிக்கொண்டே போகும்போது நான் ஒரு வாக்கியத்துக்கு ‘ம்’ சொல்லத் தவறினால் போதும், “சாந்தி? இருக்கியா? கட்டாயிடுச்சா?” என்று பதறுவாள். அதற்கப்புறம் விட்ட இடம் அவளுக்கு நினைவு வராது. அதனால் இடைவிடாமல் ‘ம்’ சொன்னேன். இங்கேதான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு. வெளியூரில் வாழ்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பியதில் பாதி இந்தச் சத்தம்தான்.

என் மகள் காவ்யாவுக்கு இது கிடையாது. இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் இரண்டாம் வருடம். போனில் நான் மூன்று நிமிடம் பேசினாலும் அந்தப் பக்கம் கிணறு மாதிரி இருக்கும். இருக்கியா என்று கேட்டால், “கேட்டுட்டுதான்மா இருக்கேன். நடுவுல எதுக்கு சும்னே சவுண்ட் விடணும்?” என்பாள். ‘சும்மா’ அவளுக்குக் கன்னட ‘சும்னே’தான். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. மூன்றாம் மொழியாகக்கூட அவள் பள்ளியில் தமிழ் இல்லை. தனியாகச் சொல்லிக் கொடுக்க நானும் மெனக்கெடவில்லை, ஓவர்டைம் இருந்தது. இதை அவள் படிக்கப்போவதில்லை. நான் படித்துக் காட்டினால் கேட்பாள். ஒரு சத்தமும் இல்லாமல் கேட்பாள்.

4

வருடக் கடைசியில் ஐந்து நிமிட நிகழ்ச்சி ஒன்று ஒப்படைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மதிப்பெண் போடுவார். அதை வைத்துத்தான் வேலை யாருக்கு என்று முடிவாகும். நான் தண்ணீர்ப் பிரச்சினையை எடுத்துக்கொண்டேன், நீலசந்திரா பகுதியில். அங்கே நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். கோடையில் வாரம் தாண்டும்.

லூர்து அக்காவிடம் போனேன். என் லைனில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவர். அறுபது தாண்டிவிட்டது. அவர் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில். எல்லாம் அந்தப் பாயிலேயே.

இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அக்காவும் ரேஷன் ஆபீஸில் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். நாலு நாளைக்கு ஒருமுறை. எட்டுக் குடம். ஒரு டிரம். அப்புறம் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“இன்னாம்மா சாந்தி, கேக்குறியா இல்லியா? செவுத்துகிட்ட சொல்ற மாதிரி பேஜாரா இருக்குது.”

ரேடியோவில் கேட்கிறவர்கள் சத்தம் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது அக்கா என்று விளக்கினேன்.

“அப்போ உங்க சாரையே வந்து தலையாட்டச் சொல்லு. எனக்கு அரிசி ஊற வெக்கிற வேலை இருக்குது” என்று எழுந்துவிட்டார்.

உட்காருங்கள் அக்கா என்று கையைப் பிடித்தேன். சட்டம் போகட்டும், சொல்லுங்கள் என்றேன். ‘ம்’ என்றேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

போன கோடையில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. பத்தாம் நாள் விடியும்போது கோலார் தங்கவயலில் இருந்து போன் வந்தது. தங்கை ஸ்டெல்லா போய்விட்டாள். பையில் புடவையை எடுத்து வைக்கும்போது வால்வு திறக்கிற ஆள் தெருவில் சொல்லிக்கொண்டு போகிறார், இன்றைக்கு இந்தத் தெருவுக்கு விடுகிறோம் என்று. வீட்டுக்காரர் பாயில் நனைந்து கிடக்கிறார். அலச வேண்டிய துணி மூலையில் நாறுகிறது. இன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அவரவருக்கு அவரவர் குடம். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வர பதினொன்று ஆனது. பிடித்தார். அவரைக் கழுவினார். துணியை அலசிப் போட்டார். தங்கவயல் போய்ச் சேர்ந்தபோது கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ரயிலை வழியில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

“ரயிலு மேல பழியப் போட்டேன். தண்ணிக்காக உக்காந்திருந்தேன்னு எப்பிடிச் சொல்லுவேன், சொல்லு.”

நான் ‘ம்’ என்றேன். அப்புறம், இது ரேடியோவில் வரும் அக்கா, வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“வரட்டும். அவ வீட்டுக்காரரு மூஞ்சப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல. இப்பிடியாச்சும் தெரியட்டும். பொய் சொன்னது மனச அரிக்குது. அவருகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்னு வெச்சுக்க.”

மொத்தம் பதினோரு நிமிடம். நான் எடுத்த முதல் நல்ல பதிவு அது.

5

நிதின் முழுதாகக் கேட்டார். தமிழ் அவருக்கு அரைகுறைதான். கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை. அப்புறம் சொன்னார்: இது பிரமாதம் மேடம், ஆனால் இதை இப்படி ஒப்படைத்தால் ஃபெயில். பதினோரு நிமிடம் கூடாது, உங்கள் சத்தம் எல்லா இடத்திலும் இருக்கிறது. திரும்பப் போய் எடுத்து வாருங்கள்.

போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “இன்னொரு தாட்டி அழுவணுமா?” என்றார் அக்கா. திரும்பி வந்துவிட்டேன். திங்கட்கிழமை கடைசி நாள்.

காவ்யாதான் லேப்டாப்பைத் திறந்தாள். ஏதோ ஒரு மென்பொருள், இரண்டு குரலைத் தனித்தனியாகப் பிரிக்குமாம். பத்து நிமிடத்தில் என் குரலை மொத்தமாக எடுத்துவிட்டாள். “பாரும்மா, எவ்ளோ க்ளீன்” என்றாள். உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. கேட்டபோது அக்கா போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரியும் இருந்தது. அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளினேன்.

இன்னும் ஐந்து நிமிடத்துக்குக் குறைக்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று நான் கேட்ட இடம் போய்விட்டதால், ‘வரட்டும்’ என்று அக்கா சொன்னது அந்தரத்தில் நின்றது. யாருக்குச் சொல்கிறார், எது வரட்டும் என்று புரியவில்லை. அதையும் வெட்டினேன். அதற்குப் பின்னால் வந்த மன்னிப்பையும் வெட்டினேன். காவ்யா வெட்டவில்லை, நிதின் வெட்டவில்லை. நான் வெட்டினேன். ரயிலு மேல பழியப் போட்டேன், தண்ணிக்காக உக்காந்திருந்தேன் என்பதோடு முடித்து, குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கடைசியில் வைத்தேன். எடுப்பாக இருந்தது.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண். வேலையும் எனக்குத்தான். அன்று வீட்டில் பிரியாணி. இந்தக் காலத்தில் ரேடியோ யார் கேட்கிறார்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தன் கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னார்.

6

கேட்டார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதமே நிலையத்தில் அந்த நிகழ்ச்சியைப் போட்டார்கள், இணையத்திலும் ஏற்றினார்கள். நீலசந்திராவில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. யாரோ லிங்க்கைத் தங்கவயலுக்கு அனுப்பினார்கள்.

நாலு நாள் கழித்து இனிப்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலை விட்டு நகரவில்லை அவர். ஸ்டெல்லாவின் மகன் போன் பண்ணினானாம். எங்கம்மாவைவிட ஒரு குடம் தண்ணீர் பெரிதாகப் போய்விட்டதா பெரியம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டானாம். அவன் அப்பா பேசவே இல்லையாம்.

“நீ எதுத்தாப்புல உக்காந்து கேட்ட, அதனால சொன்னேன். அதுல நீ எங்க? நான் பாட்டுக்கு மைக்கு முன்னால போயி தண்ணி புடிச்ச பெருமைய அளந்த மாதிரி இருக்குது. மன்னிப்புக் கேட்டனே, அது எங்க போச்சு?”

இனிப்பைக் கொடுக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது மடியிலேயே வைத்திருந்தேன். எண்பது பேரை மேய்த்தவள், எத்தனையோ பேரை அழ வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் கம்பெனிக்காக என்று சொல்லிக்கொள்வேன். இது எனக்காகச் செய்தது.

நிலையப் பொறுப்பாளரிடம் போய் முழுப் பதிவையும் ஒருமுறை போட வேண்டும் என்று கேட்டேன். ரிட்டயர்டு பேராசிரியை, மரியாதையாகத்தான் பேசினார். ஒருமுறை ஒலிபரப்பானதை மாற்ற வேண்டுமானால் படிவம் இருக்கிறது, கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், ஒலித்தரம் சரியில்லாததை எப்படியும் அனுமதிக்க மாட்டார்கள் என்றார். மூன்று மாதத்தில் ஒரு குடும்பத்தில் பேச்சு அடியோடு நின்றுபோகும் மேடம் என்றேன். படிவத்தை எடுத்து நீட்டினார்.

தனியாக அக்காவின் தங்கை வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா என்று காவ்யா கேட்டாள். போதாது. தெருவே கேட்டதைத் தெரு திரும்பக் கேட்க வேண்டும். அக்காவிடம் மறுபடியும் போய், முழுசையும் போடுகிறேன், சம்மதமா என்று கேட்டேன். “இதுக்கு மேல என்ன போவுது, போடு” என்றார்.

புதன்கிழமை சத்துணவு பற்றி ஒரு டாக்டர் பேசிய பேச்சு போக வேண்டும். அதை எடுத்துவிட்டேன். போன மாதம் நீங்கள் கேட்டதில் பேட்டி எடுத்தவள் தன் சௌகரியத்துக்கு ஒரு பகுதியை வெட்டிவிட்டாள், அந்தப் பெண்மணி மேல் தப்பு இல்லை என்று தமிழிலும் கன்னடத்திலும் சொன்னேன். கன்னடத்தில் இந்த முறை ஏவல் இல்லாமல் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். பதினோரு நிமிடத்தையும் போட்டேன், என் எல்லா ‘ம்’மோடும். அதே பதிவைத் தங்கவயலுக்கு, அக்காவின் தங்கை வீட்டுக்காரருடைய நம்பருக்கும் அனுப்பினேன்.

ஐந்து நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் அவர் அக்காவுக்குப் போன் பண்ணினார். ஸ்டெல்லா பேச்சையே எடுக்கவில்லையாம். உன் வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது, படுக்கைப் புண் ஆறிவிட்டதா என்று கேட்டாராம். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியவில்லை. “கேட்டாரும்மா, அது போதும்” என்றார். மகன் இன்னும் பேசவில்லை.

எனக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாத நிகழ்ச்சியை ஏன் ஒலிபரப்பினாய் என்று ஒரு கேள்வி. தயாரிப்பாளரின் சொந்தச் சத்தங்கள் நீக்கப்படாத தரமற்ற பதிவை ஏன் அனுமதித்தாய் என்று இன்னொரு கேள்வி. மூன்று நாளில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ விளக்கம் தர வேண்டும். நான் இன்னும் தற்காலிக ஊழியர், எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். சாரி என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் மேடம், நான் பேசிக்கொள்கிறேன் என்றார் நிதின். முதல் கேள்விக்கு அப்படியே எழுதினேன். அனுமதி வாங்காதது தப்பு, சாரி.

இரண்டாவது கேள்விக்கு நாலு தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் கோபம்தான் இருந்தது. கடைசியில் தமிழில் இரண்டு வரி எழுதி, காவ்யாவிடம் சொல்லி ஆங்கிலத்தில் போட்டு வாங்கினேன். அவள் ‘சத்தம்’ என்பதற்கு ஏதோ நல்ல வார்த்தை போடுகிறேன் என்றாள். வேண்டாம், நான் சொன்னதை மட்டும் போடு என்றேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன்.

‘அந்த அம்மா இதைச் சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம்தான் சொன்னார், அது கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் நீக்கவில்லை.’

இதைத் திருத்தி எழுதச் சொன்னால் எழுத மாட்டேன்.